மலையைப் பார்க்காமல் எடுத்த மலைப்படம்

போன வாரம், படமெடுக்கப் பழகும் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கே வந்து கேட்டார்: "சார், மலையை எடுக்க எந்த லென்ஸ் நல்லது?" வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் என் மனைவி இருந்தாள். வந்தவர்களைக் கடித்து வைக்காதே என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். மலை எந்த லென்ஸிலும் வரும். அவ்வளவு பெரிய பொருள் எங்கே தப்பி ஓடப்போகிறது? கையை விட்டுப் போவதெல்லாம் வேறு சங்கதிகள்.

நான் எடுத்த மலைப்படங்களில் உருப்படியாக வந்த ஒன்றை, மலையை நான் பார்க்காமல் இருந்த நேரத்தில்தான் எடுத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். எந்த லென்ஸ், என்ன வேகம் என்று இதில் தேடாதீர்கள், கிடைக்காது.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் மோட்டார் பம்பு, கிரைண்டர், நூல் மில் மெஷின் இவற்றைப் படமெடுத்துச் சாப்பிட்டவன். பம்பை நான் மிகவும் மதிக்கிறேன். கண் சிமிட்டாது. "இன்னொரு தரம்" என்றால் முகம் சுளிக்காது. மனிதர்களை வைத்துப் படமெடுக்க எனக்குப் பொறுமை போதாது. கல்யாண வேலை தேடி வந்தால் கும்பிடு போட்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு வழி காட்டிவிடுவேன். ஓய்வு கிடைத்தால் மலைப்பக்கம் போவேன். மலையும் பம்பு மாதிரிதான், வாய் திறக்காது.

எனக்கு நிறைய வேலை கொடுத்துவந்த ஒரு நூல் மில்லில் வருஷா வருஷம் தினத்தாள் காலண்டர் அடிப்பார்கள். அட்டையில் எப்போதும் சுவிட்சர்லாந்துதான். பனிமலை, மர வீடு, கழுத்தில் மணி கட்டிய மாடு. பல்லடத்து டீக்கடையிலும் பொள்ளாச்சி சலூனிலும் அந்தப் பனிதான் தொங்கும். ஒரு நாள் பில் வாங்கப் போன இடத்தில் மேனேஜரிடம் வாயைக் கொடுத்தேன்.

"நம்மூர்ல மலையே இல்லீங்களா? எதுக்குங்க வருஷா வருஷம் அந்நிய நாட்டு மலை?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம மலையில என்னங்க கலரு இருக்குது? பாறை கருப்பு, மரம் பச்சை. சொவத்துல மாட்டுனா ஊடே இருட்டாயிருமுங்க."

"கலரோட நான் கொண்டு வாரேனுங்க. பத்தலீன்னா இனிமே உங்க மில்லுப் படி ஏற மாட்டேன்."

யாரும் கேட்காத சபதம் அது. மனிதர் சிரித்துவிட்டு, நல்லதுங்க என்றார். தீபாவளி கழிந்ததும் அச்சுக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் கழுவிய படம் மேசைக்கு வராவிட்டால் பனிமலைதான் என்றார். இருந்ததிலேயே பெரிய வாடிக்கையை ஒரே மூச்சில் பணயம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தன் வாயால் கெடுவது தவளை மட்டுமில்லை.

எனக்கு ஒரு இடம் மனதில் இருந்தது. காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் ஊதியூர் மலை. அதற்கு எதிரே கண்வலிக்கிழங்கு பயிரிட்ட காடுகள். புத்தகத்தில் செங்காந்தள் என்பார்கள். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகப் பூக்கும், விதை மருந்துக்குப் போகும். ஐப்பசியில் காடு முழுக்கப் பூவாக நிற்கும். செம்மண், பூ, பச்சை, அதற்கு மேல் நீல மலை. மேனேஜருக்கு இதைவிட என்ன கலர் வேண்டும்?

கூட வந்தவர் என் டாக்ஸிக்காரர். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிட மூத்தவர், நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். நாங்கள் தாராபுரம் லாட்ஜில் போய் இறங்கிய அன்றே மழை பிடித்தது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. தினமும் காலையில் போவதும், குடைக்குள் நின்று திட்டுவதும், திரும்புவதுமாக இருந்தோம். பொறுமை இல்லாதவன் என்றேன் அல்லவா? அந்த மேகத்தையே எடுத்து எடுத்து, கொண்டுபோன ஸ்லைடு ஃபிலிமை எல்லாம் தீர்த்தேன். கடைசியில் ஒரே ஒரு ரோல்தான் மிஞ்சியது. அந்த ஃபிலிம் தாராபுரத்தில் கிடைக்காது.

ஸ்லைடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதில் நெகட்டிவ் கிடையாது. ஃபிலிமே படம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது, அட்டைச் சட்டம் போட்டு வரும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரே ஸ்லைடு. தொலைந்தால் தொலைந்ததுதான்.

அன்று விடிகாலையில் மழை நின்றிருந்தது. பள்ளத்தின், அதாவது மழைக்கு ஓடும் ஓடையின், மேல் போட்டிருந்த தரைப்பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். நாங்கள் தாண்டிய கொஞ்ச நேரத்தில் மேலே பெய்த மழைத் தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கிப் பாலத்தை மூடிவிட்டது. இனி அது வடிகிற வரை திரும்ப முடியாது. அதுவும் நல்லதற்குத்தான், மேகம் விலகும்வரை உட்கார்ந்துவிடலாம் என்று பூக்காட்டு வரப்பில் ஸ்டாண்டை நட்டேன். பின்னால் ஒரு தோட்டத்து வீடு, வாசலில் பந்தல், வாழைமரம். மேளச் சத்தம் கேட்டது.

"ஏனுங்! ஏனுங்க போட்டோக்காரரே! வந்துட்டீங்களா!"

திரும்பிப் பார்த்தால் சேற்றில் ஒரு பெண் ஓடி வருகிறாள். பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருக்கிறாள், தலை கொள்ளாத பூ, கழுத்து நிறைய நகை, நெற்றியில் சுட்டி. கல்யாணப் பெண்ணேதான் என்று நினைத்தேன். பாயும் அப்படியே நினைத்து, மரியாதையாகச் செருப்பைக் கழற்றி வைத்தார்.

நான் மலையை எடுக்க வந்தவன் என்று சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அவர்கள் ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரர் பள்ளத்துக்கு அந்தக் கரையில் பெட்டியோடு நிற்கிறாராம். தண்ணீர் வடிய மத்தியானம் ஆகுமாம். முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது.

"நீங்களே எடுத்துக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"அம்மணி, என்கிட்ட ஒரே ரோலுதான் இருக்குது. மலைக்குன்னு வெச்சிருக்கறேன். இதுல ஆல்பம் போட முடியாதுங்க. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுத்தான் பாக்கோணும்."

"நாங்க தூக்கிப் புடிச்சே பாத்துக்கறமுங்க." அவள் மலைப்பக்கம் கையைக் காட்டினாள். "அது நாளைக்கும் இங்கயேதானுங்க நிக்கும். கல்யாணம் நாளைக்கு நிக்குமுங்களா? போட்டோ இல்லாத கல்யாணம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க சார்."

மலை நாளைக்கும் நிற்கும், ஆனால் வெளிச்சம் நிற்காது என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியம் தடுத்தது. அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். அவள் பேசிய மற்ற எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் மட்டும் இல்லை. மேலே பார்த்தேன், மேகம் அசையவில்லை. சரி, பாதி ரோல் உங்களுக்கு, மேகம் விலகினால் போட்டது போட்டபடி ஓடிவிடுவேன் என்றேன்.

"தாராளமா ஓடுங்க, நாங்க மேளத்தை நிறுத்தி வெக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் அவள் ஓடினாள்.

பந்தலில் மாப்பிள்ளைப் பையன் நின்றான். பக்கத்தில் இவள் போய் நின்றாள். அருமைக்காரர், அதாவது அவர்கள் வழக்கப்படி சீர்களை முன்னின்று நடத்தும் பெரியவர், கூறைப்புடவையின் ஒரு தலைப்பை அவன் கையிலும் மறு தலைப்பை இவள் கையிலும் கொடுத்தார். நானும் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். பம்பு எடுத்த கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கை தானாக அழுத்திக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது முடிந்ததற்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பூக்காட்டு வரப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஊர் மொத்தமும் பின்னாலேயே வந்தது. சிவப்புப் பூவுக்கு முன்னால் இருவரும் விறைப்பாக நின்றார்கள்.

"சித்த நெருங்கி நில்லுங்க. மாப்பிள்ளை, அவங்க கையப் புடிங்க."

பையன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"என்ன மாப்ளை வெக்கம்?" என்றார் பாய், பக்கத்தில் நின்று உதவி செய்யும் உற்சாகத்தில். "தோள் மேல கையப் போடுங்க! இன்னைக்குப் போடாம என்னைக்குப் போடறது?"

பையன் காது சிவந்துவிட்டது. "அக்கா, இவிய என்னக்கா சொல்றாங்க?"

அக்கா!

ஊரே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், தலையைப் பின்னால் சாய்த்து, சுட்டி நெற்றியை விட்டு விலக, தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. அவனுக்கும் சிரிப்பு தொற்றிவிட்டது. என் விரல் ஏற்கெனவே பொத்தானில் இருந்தது. பதறிய பதற்றத்தில் அழுத்திவிட்டேன்.

"இவன் என்ற தம்பிங்க சார்!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது இணைச்சீருங்க. பொண்டாட்டி வந்தாலும் கூடப்பொறந்தவள உட்டுற மாட்டேன்னு தம்பி செய்யற சீரு. பொண்ணு உள்ளார உக்காந்திருக்குதுங்க."

நான் கோயமுத்தூர்க் கத்தோலிக்கன். எங்கள் பங்குக் கோயிலில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அலங்காரமாக ஒருத்தி நின்றால் அவள் பெண்தான், சந்தேகமே வேண்டாம். பாயைப் பார்த்தேன். "எங்க கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல வந்து ஒக்காரவே ஒக்காராது சார், என்னையக் கேட்டா?" என்று அவர் காரைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு எங்கேயாவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"போவட்டும் உடுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

வெட்கத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கேமராவின் எண்ணைப் பார்த்தேன். பாதி ரோல் என்று சொன்னவன் அக்காளையும் தம்பியையும் எடுத்தே முக்கால்வாசி தீர்த்திருந்தேன். உண்மையான பெண்ணை இன்னும் ஒன்றுகூட எடுக்கவில்லை. மலையும் பாக்கி. அதன்பிறகு கஞ்சனாக மாறினேன். பெண் மணையில் வந்து உட்கார்ந்ததும் ஒன்று. அப்பா அம்மாவோடு ஒன்று. இப்படி அழுத்தி அழுத்தி, தாலிக்கு ஒன்று என்று எண்ணி நிறுத்தியபோது ஃபிலிமில் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். மேகம் அப்படியே இருந்ததால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கெட்டிமேளத்துக்கு அருமைக்காரர் கையைத் தூக்கப்போகிறார். அப்போது வெளியிலிருந்து பாய் கத்தினார்.

"சார்! மலை! மலை தொறந்துருச்சு சார்!"

பந்தல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு மலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அடிமுதல் முடிவரை கழுவிவிட்ட மாதிரி நின்றது. பாறை ஊதா, மரம் பச்சை, இடுக்கில் இறங்கிய தண்ணீர் வெள்ளிக் கம்பி, கீழே காடு முழுக்க நெருப்பாகப் பூ. பத்தடி எடுத்து வைத்தால் என் ஸ்டாண்டு. கையில் ஒரே படம். அந்த மில் வாடிக்கை, என் சபதம், மேனேஜரின் சிரிப்பு எல்லாம் அந்த ஒரு படத்தில் இருந்தது. ஓடிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறேன், யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெண், அதாவது உண்மையான பெண், தாலிக்குக் குனிவதற்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். நான் இருக்கிறேனா என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் இருந்தேன். மேளம் முழங்கியது, தாலி ஏறியது, அழுத்தினேன். ஃபிலிம் முடிந்தது.

பிறகு வரப்புக்குப் போய் வெறுங்கையோடு நின்று மலையைப் பார்த்தேன். பாய் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து தலையில் கை வைத்திருந்தார். "வாங்க சார், சோத்துக்கென்ன கேடு, திங்கலாம்" என்றார் கடைசியில். நான் இரண்டு பந்தி அளவுக்குத் தின்றேன். நாங்கள் கை கழுவும்போது மலை மறுபடி மூடிக்கொண்டது.

கழுவிய படம் வந்த அன்று தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் மில்லுக்குப் போனேன். மேகப் படங்களை மேனேஜர் ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் வைத்துத் தள்ளினார். கல்யாணப் படங்களை நான் ஓரமாக ஒதுக்கியிருந்தேன். அவர் கை அதில் ஒன்றை எடுத்தது.

"இதென்னங்க இது?"

குனிந்து பார்த்தேன். அக்காள் சிரிக்கிறாள், தம்பி சிரிக்கிறான், சுற்றிலும் பூ. அவர்களுக்குப் பின்னால், மேகத்தில் எங்கோ விழுந்த ஒரு கிழிசல் வழியாக வெயில் இறங்கி, மலையின் ஒரு சரிவில் மட்டும் விழுந்திருந்தது. மேலே கருமேகம், அதற்குக் கீழே பொன்னும் பச்சையுமாக அந்தச் சரிவு. அதை நான் எடுக்கவில்லை. சத்தியமாக நான் பார்க்கவே இல்லை.

"இதுதானுங்க காலண்டர்!" மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "ஆமா, ஆருங்க இந்தப் புருசன் பொண்டாட்டி?"

எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. அந்த ஊர் வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதரும் ஏமாந்துவிட்டார்.

அன்றைக்கே அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். காட்டில் நின்ற சனத்திடமெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் வருஷம் பிறந்துவிடும் என்று அவர் கோபித்தார். பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடை எடுத்து, மற்ற கல்யாணப் படங்களோடு சட்டைப் பையில் போட்டேன். "பொழுதோட வாரேனுங்க. வரலீன்னா பனிமலையே போட்டுக்குங்க" என்றேன். மலையும் பம்பும் நம்மைக் கேள்வி கேட்காது. வீடு வீடாகச் சுவரில் தொங்கப்போகிற பெண் கேட்பாள், கேட்கவும் வேண்டும். இதை மட்டும் நான் உங்களிடம் அடித்தே சொல்வேன்.

பாய் காரில் போய் இறங்கியபோது தோட்டத்து வீட்டில் அந்த அக்காளுடைய அப்பாதான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"டீக்கடை, சலூன் எல்லாத்துலயும் என்ற புள்ள தொங்கறதுங்களா? ஒப்பாதுங்க."

அதற்குள் சொல்லியனுப்பி, பக்கத்து ஊரிலிருந்து அவளும் அவள் வீட்டுக்காரரும் மொபெட்டில் வந்து இறங்கினார்கள். வாசலில் நின்று எல்லா ஸ்லைடுகளையும் வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். புதுப்பெண் தன் தாலிப் படத்தை வெகுநேரம் யாருக்கும் தரவில்லை. அந்தக் குறிப்பிட்ட படம் அப்பா கைக்குப் போனது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அட, நம்ம காடு! பூவு என்னமாப் புடிச்சிருக்குது!" பிறகு முகம் சுருங்கியது. "மேக்கால வரப்புல களை கெடக்குதேங்க. முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்துப்போட்டிருப்பனே. இதைப் போயி எல்லாரும் பாப்பாங்களே."

எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவர் சொன்னதிலேயே சம்மதம் இருந்தது. மகளிடம் கேளுங்கள் என்றார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். படத்துக்குக் கீழே 'அக்காளும் தம்பியும்' என்று கொட்டையாக அச்சடிக்க வேண்டும். "இல்லாட்டி ஊருக்கு ஊரு உங்களாட்டமே நெனைச்சுப்போடுவாங்க."

சிரித்துக்கொண்டே ஸ்லைடை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். தூக்கிய கை இறங்கவில்லை.

"எங்கல்யாணத்துல எடுத்த பிலிமு பூராவும் வெளுத்துப்போச்சுங்க சார்" என்றாள் கடைசியில். "ஒண்ணுகூட வல்லீங்க. பொண்ணா நான் எப்படி நின்னேன்னு நானே பாத்ததில்ல."

அவள் வீட்டுக்காரர் வந்ததிலிருந்து வாயே திறக்காத மனிதர். அவள் கையிலிருந்து ஸ்லைடை வாங்கி, வானத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இப்படித்தான் இருந்தே" என்றார்.

அச்சு முடிந்ததும் அந்த ஸ்லைடை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு படம்தான், என்னிடம் வேறு கிடையாது. எனவே உங்களில் யாரும் அதைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். காலண்டரின் தாளெல்லாம் கிழிந்து தீர்ந்த பிறகும் பல கடைகளில் அட்டையை மட்டும் கழற்றாமல் வைத்திருந்தார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு கல்யாண வேலை தேடி வந்தவர்களை நான் அடுத்த ஸ்டூடியோவுக்கு அனுப்பவில்லை.

சம்மதம் வாங்கிய அன்று தாராபுரம் சாலையில் திரும்பி வரும்போது பாய் திடீரென்று சொன்னார்: "ஒண்ணு கவனிச்சீங்களா சார்? அத்தனை பேரு அந்தப் படத்தைப் பாத்தாங்க. அந்த மலையப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலை."